களிமண் கூடத்தில் துடைப்பம் எடுக்காதீர்கள்

போன ஞாயிறு காலை எட்டரை மணி. எங்கள் மண்பாண்ட ஸ்டுடியோவின் கதவைத் திறந்தால், ஜன்னல் வெயில் பட்டை முழுக்க வெள்ளைத் தூள் மிதக்கிறது. எங்கள் உறுப்பினர்களில் மூத்தவர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா, ஏழு மணிக்கே வந்து மூலைமுடுக்கெல்லாம் பூந்துடைப்பத்தால் பெருக்கி முடித்திருந்தார். மின்விசிறி ஐந்தில் சுற்றுகிறது. "எவ்வளவு மண்ணும்மா! அள்ளி அள்ளிக் கொட்டினேன்" என்றார் பெருமையாக.

நான் கத்திவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. பிறகு மன்னிப்புக் கேட்டேன். ஆனால் இந்த வருடத்தில் இது நான்காவது தடவை. போன மாதம்தான் ஒரு தம்பி காய்ந்த, இன்னும் சூளையில் வைக்காத கிண்ணத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார், அதுவும் விசிறிக்கு நேர் கீழே, பக்கத்து வீலில் (பானை வனையும் சக்கரத்தில்) ஆள் இருக்கும்போது.

கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்: "மண்தானே, இயற்கைதானே!"

கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) இயற்கைதான். நாம் பிசைவது வெறும் சேறு அல்ல. ஸ்டோன்வேர் எனப்படும், அதிகச் சூட்டில் சுடும் களிமண்ணில் படிகச் சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ், உண்டு. பாத்திரத்தின் மேல் பூசும் மெருகில், அதாவது கிளேஸில், இன்னும் அதிகம். நம் சுவரில் ஒட்டியிருக்கும், நான்கு பொடிகளை 4-3-2-1 விகிதத்தில் கலக்கும் கிளேஸ் கணக்கைப் பாருங்கள்: 100 பங்கில் 30 பங்கு குவார்ட்ஸ் தூள்தான். ஈரமாக இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை, சூளையில் வெந்து இறுகிய பிறகும் இல்லை. காய்ந்து, பொடிந்து, மூச்சோடு உள்ளே போனால்தான் வினை. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், தும்மினால் போய்விடும். முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்தான் நுரையீரலின் அடிவரை இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறது. பெருக்கும்போது எழும்புவது அதுதான். தரை பளிச்சென்று ஆகிவிடும், அந்த நுண்தூள் மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். பத்து மணி வகுப்புக்கு வந்தவர்கள் அதைத்தான் சுவாசித்தார்கள்.

"நம்ம ஊர் வேளார்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்யவில்லையா?" இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. அவர்கள் குளத்து மண்ணை ஈரமாகவே பிசைந்து, காற்றோட்டமான கொட்டகையில் வனைகிறார்கள். நாம் முகப்பவுடர் போல அரைத்த குவார்ட்ஸை மூட்டையில் வாங்கி, ஏசி போட்டு ஜன்னலையும் சாத்திக்கொள்கிறோம். தவிர, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல, அவர்கள் நெஞ்சை யார் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம்?

இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பக்கத்துப் பானைத் தொழிலாளர்கள் இந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்குக் 'குயவர் அழுகல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். களிமண்ணில் கலக்கச் சக்கிமுக்கிக் கல்லை (அதுவும் சிலிக்காதான்) உலர அரைத்தவர்கள் மூச்சிரைத்துச் செத்தார்கள். அதைத் தண்ணீர் விட்டு அரைக்கும் முறைக்கு 1726-இல் தாமஸ் பென்சன் காப்புரிமை வாங்கினார். முந்நூறு வருடத்துக்கு முன்பே கிடைத்த விடை: தண்ணீர். நமக்கு இன்னும் ஒரு வாளி நிறைக்கச் சோம்பல்.

இன்றைய பெயர் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து இல்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் கூட்டும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியக்கூடும் என்பதால், மருத்துவரிடம் போனால் நீங்கள் மண்ணில் வேலை செய்கிறவர் என்று சொல்லிவிடுங்கள். வாரம் இரண்டு நாள் வருகிறவர்கள் பயந்துபோய் வீலை விட்டுவிட வேண்டாம். இது பொதுவாகப் பல வருடத் தூசி சேர்ந்து வரும் நோய்.

அதனால்தான் எனக்குக் கவலை உங்களைப் பற்றி அல்ல, தினமும் சாயங்காலம் சுத்தம் செய்ய வருகிற அக்காவைப் பற்றி. நீங்கள் சீவிப் போட்ட மண் சுருள் காலடியில் மிதிபட்டு மாவாகிக் கிடக்கும். அதை அவர் குனிந்து அள்ளுகிறார். பொழுதுபோக்கு உங்களுடையது, தூசி அவருடையது. மாஸ்க் கொடுத்தேன், மூச்சு முட்டுகிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார். அவரிடம் போய் நான் என்ன கண்டிப்பது? மண் காயும் முன்னே நீங்கள் துடைத்துவிட்டால் அவருக்கு அந்த வேலையே இல்லை.

ஆகவே: ஓரம் தேய்க்க வேண்டுமா, ஈர ஸ்பாஞ்ச். உப்புத்தாளை வீட்டில் வையுங்கள். கிளேஸ் கலக்கும்போது தண்ணீரில் பொடியைத் தூவுங்கள், பொடி மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அப்போது N95 கட்டாயம். கோவிட் காலத்துத் துணி மாஸ்க் இதற்கு ஆகாது. தாடிக்காரர்களே, இடுக்கு வழியாகக் காற்று போனால் அந்த N95-உம் வீண். ஏப்ரனை உதறாதீர்கள், துவையுங்கள். சூளைத் தட்டில் ஒட்டிய கிளேஸைத் தேய்த்து எடுப்பது என் வேலை, நீங்கள் தொட வேண்டாம். கிளம்பும் முன் மேஜை, வீல், காலடித் தரை மூன்றையும் ஈரத் துணியால் துடையுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். தயவுசெய்து.

வாசலில் இரண்டு வாளி, இரண்டு மாப், கிழிந்த துண்டுகள் வைத்திருக்கிறேன். பூந்துடைப்பத்தைத் தேடாதீர்கள், அதை என் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன்.