மதிப்பெண் இருந்ததால் மாட்டிய சான்றிதழ்

கல்லூரிச் சேர்க்கைப் பிரிவில் சான்றிதழ் சரிபார்ப்பது என் வேலை. ஒருநாள் ஓர் இளைஞர் அப்பாவுடன் வந்து சி.பி.எஸ்.இ. (மத்திய இடைநிலைக் கல்வி வாரியம்) பத்தாம் வகுப்புச் சான்றிதழை நீட்டினார். ஆண்டு 2013. முத்திரை, கையொப்பம் எல்லாம் கச்சிதம். கணக்கில் 92, அறிவியலில் 95. அங்கேதான் மாட்டிக்கொண்டது. 2010 முதல் 2017 வரை சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு மதிப்பெண்ணே தரவில்லை. கிரேடும் கிரேடு புள்ளியும் மட்டும்தான். 2018இல்தான் மதிப்பெண் திரும்பியது.

“ஏஜென்ட் ஒரிஜினல் என்றாரே சார்” என்றார் அப்பா. மகன் தலை நிமிரவில்லை.

இதற்கு நேர்மாறான கூத்தும் நடக்கிறது. ‘சி.ஜி.பி.ஏ. 8.4’ (கிரேடு புள்ளிகளின் சராசரி) என்றிருந்த அசல் சான்றிதழை, மதிப்பெண் எங்கே என்று கேட்டுத் திருப்பியனுப்பிய அலுவலகம் உண்டு. 9.5ஆல் பெருக்கினால் உத்தேச சதவீதம் 79.8. அவ்வளவுதான் சங்கதி.

வாரியத்தின் பூர்வீகம் தெரிந்தால் இந்தக் குழப்பம் பாதி குறையும். ராஜபுதனப் பகுதி (இன்றைய ராஜஸ்தான்) முதலில் 1921இல் தொடங்கிய உத்தரப்பிரதேச வாரியத்தின் கீழ் இருந்தது. 1929இல் ராஜபுதனத்துக்கென்று தனி வாரியம் பிறந்தது, தலைமையிடம் அஜ்மீர். ‘மத்திய இடைநிலைக் கல்வி வாரியம்’ என்ற பெயர் 1952இல் வந்தது. ஆகவே 1948ஆம் ஆண்டுச் சான்றிதழில் அந்தப் பெயர் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்! 1962இல் வாரியத்தைத் திருத்தியமைத்தார்கள். அடிக்கடி ஊர் மாறும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு தடைபடக் கூடாது என்பது அதன் முக்கிய நோக்கம். நம் ஊர்க் கேந்திரிய வித்யாலயாக்கள் அந்த வழியில் வந்தவை.

பள்ளிக்குப் போகாமல் படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்றாலே போலி என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று: அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். 1979இல் சி.பி.எஸ்.இ.யின் திட்டமாகத் தொடங்கி, 1989இல் தனி நிறுவனமானது. போலிகள் வேறு. பெயரில் ‘டெல்லி’, ‘வாரியம்’, ‘மேல்நிலை’ என்று அடுக்கியிருப்பார்கள்; பின்னால் எந்த அரசாணையும் இருக்காது.

சந்தேகம் வந்தால் காகிதத்தை வெயிலில் பிடித்துப் பார்க்காதீர்கள். இப்போதெல்லாம் போலியின் அச்சு, அசலைவிட நன்றாகவே இருக்கிறது. சான்றிதழ்களை மின்வடிவில் வைத்திருக்கும் மத்திய அரசின் டிஜிலாக்கரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதில் இல்லையென்றால் வாரியத்தின் மண்டல அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். சென்னையிலேயே இருக்கிறது.

அந்த இளைஞரிடம் திறந்தநிலைப் பள்ளியில் சேரும் வழியை எழுதிக் கொடுத்தேன். “இதற்கு ஏஜென்ட் யாரைப் பார்க்க வேண்டும்?” என்றார் அப்பா.