சோஷியல் புக்மார்க்கிங்: கூட்டுப் பக்கக்குறி

பிடித்த வலைப்பக்கத்தின் சுட்டியை நம் உலாவிக்குள் பூட்டி வைக்காமல், பொதுவான ஒரு தளத்தில் குறிச்சொற்களோடு சேமித்து, மற்றவர்களும் பார்க்கும்படி வைப்பதுதான் சோஷியல் புக்மார்க்கிங்.

புக்மார்க் என்பது படித்த இடம் தவறிவிடாமல் இருக்கப் புத்தகத்துக்குள் வைக்கும் அடையாளம். உலாவிகளில் இந்த வசதிக்கு ஆரம்பத்தில் ஒரே பெயர் இல்லை. மொசைக்கில் ஹாட்லிஸ்ட், நெட்ஸ்கேப்பில் புக்மார்க், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஃபேவரிட்ஸ். நிலைத்தது புக்மார்க்.

அதைப் பலரும் சேர்ந்து செய்யும் பழக்கத்தைப் பரவலாக்கியது ஜோஷுவா ஷாக்டர் 2003இல் தொடங்கிய டெலிஷியஸ் தளம். 2005இல் யாகூ அதை வாங்கியது. அப்புறம் பல கை மாறி, 2017இல் போட்டித் தளமான பின்போர்டிடம் போய்ச் சேர்ந்தது. அதோடு புதிய சுட்டிகளைச் சேர்க்கும் வசதியும் நின்றுபோனது.

டெலிஷியஸின் உயிர் குறிச்சொல்லில்தான் இருந்தது. மருத்துவ வரலாறு பற்றிய பக்கத்தை 'மருத்துவம்' கோப்புறையில் போடுவதா, 'வரலாறு' கோப்புறையில் போடுவதா? குறிச்சொல்லில் இந்தத் திண்டாட்டமே இல்லை, இரண்டையும் இடலாம். 'வரலாறு' என்பதைச் சொடுக்கினால், முன்பின் தெரியாத பலர் அதே சொல்லில் சேமித்தவையும் வந்து நிற்கும். இப்படிப் பயன்படுத்துவோரே உருவாக்கும் பகுப்புக்கு தாமஸ் வாண்டர் வால் 2004இல் ஃபோக்சானமி என்று பெயர் வைத்தார். 'மக்கள் வகைப்பாடு' என்றால் தமிழில் பளிச்சென்று புரியும். இதில் சிக்கலும் உண்டு. 'திங்கள்' என்று ஒருவர் கிழமையை நினைத்து இடுவார், இன்னொருவர் நிலவை நினைத்து இடுவார். 'சினிமா' என்று சேமித்தவை 'திரைப்படம்' என்று தேடுபவர் கண்ணில் படாமலே போகும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'சமூகப் புத்தகக்குறி' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. அதன் இரண்டு பாதியிலும் எனக்கு உடன்பாடில்லை. இங்கே புத்தகம் எதுவும் இல்லை. வலைப்பக்கம் என்றுதானே சொல்கிறோம், அப்படியானால் பக்கக்குறி போதும். 'சமூக' என்பதும் மிகப் பரந்த சொல். ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து எல்லோருக்கும் பயன்படுவதைத் தமிழ் ஏற்கெனவே 'கூட்டு' என்கிறது: கூட்டுறவு, கூட்டுமுயற்சி. அதனால் கூட்டுப் பக்கக்குறி என்பதே பொருந்தும். செயலைக் குறிக்கக் கூட்டுப் பக்கக்குறியிடல் எனலாம். டேக் என்பதற்குக் குறிச்சொல் நன்றாக வேரூன்றிவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை.

எழுதும்போது இப்படி வரும்: "இந்தச் சுட்டியைக் கூட்டுப் பக்கக்குறியில் சேர்த்து, வானியல் என்று குறிச்சொல் இடுங்கள்."