முன்வாசல் பிள்ளையாருக்கு எச்ஓஏ நோட்டீஸ் வந்தால்: டெக்சஸ் வீட்டுக்காரர்களுக்கு

டாலஸ் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், ஊரிலிருந்து கொண்டுவந்த ஒன்றரை அடி கருங்கல் பிள்ளையாரை வாசல் ஓரப் பூச்செடிப் பாத்தியில் வைத்தது. மூன்றாவது வாரம் எச்ஓஏ-விடமிருந்து, அதாவது அந்தக் குடியிருப்பின் வீட்டுக்காரர் சங்கத்திடமிருந்து, கடிதம்: அனுமதி வாங்காத தோட்ட அலங்காரப் பொருள், எடுத்துவிடவும். அந்தம்மா கண் கலங்கி, பிள்ளையாரைத் தூக்கிக் கராஜில் சைக்கிள்களுக்கு நடுவே வைத்தார். எடுத்திருக்கவே வேண்டாம். சட்டம் அவர் பக்கம் இருந்தது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

டெக்சஸ் சொத்துச் சட்டம், பிரிவு 202.018. உண்மையான மத நம்பிக்கையோடு உங்கள் வீட்டிலோ மனையிலோ வைக்கும் பொருளை எச்ஓஏ தடுக்கக் கூடாது என்கிறது. 2011-இல் வந்தபோது இது வாசற்கதவுக்கும் நிலைக்கும் மட்டும்தான், அதுவும் 25 சதுர அங்குலத்துக்குள். 2021-இல் திருத்தி, மனை முழுவதற்கும் விரித்துவிட்டார்கள். பல எச்ஓஏ-க்களின் விதிப்புத்தகம் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் கடிதம் அடிக்கிறார்கள்.

விலக்குகள் இருக்கின்றன. சிலை இருக்கும் இடம் உங்களுடையதாக இருக்க வேண்டும். நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவிலுள்ள புல் பட்டை பெரும்பாலும் உங்களுடையது இல்லை. கட்டட எல்லைக்கோட்டையும் தாண்டக் கூடாது. அதனால் பிள்ளையாரை வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள். டவுன்ஹோம், காண்டோவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெளிச்சுவரையும் முன்புற இடத்தையும் சங்கமே பராமரிக்கிறது என்றால் இந்தப் பாதுகாப்பு அங்கே செல்லாது. வாங்கும்போது கொடுத்த பத்திரத்தில் யார் பராமரிப்பு என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

இன்னொரு பொறி, சங்கத்தின் வேலைகளைப் பார்க்கும் மேனேஜ்மென்ட் கம்பெனியின் போன். "ஒரு அப்ளிகேஷன் மட்டும் போட்டுடுங்க, அப்ரூவ் ஆயிடும்" என்பார்கள். அந்தப் படிவத்தில் பொருளின் வகை என்ற கட்டத்தில் தோட்ட அலங்காரம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், நாளைக்கு அந்தக் காகிதம்தான் உங்களுக்கு எதிராகப் பேசும். வழிபாட்டுப் பொருள் என்று எழுதுங்கள், பிரிவு எண்ணையும் சேர்த்து. போனில் பேசியது எதுவும் பேசியதாகக் கணக்கில்லை. அன்றைக்கு "பார்த்துக்கறோம்" என்ற பெண் அடுத்த மாதம் வேலையில் இருக்க மாட்டார். புதிதாக வந்தவர் முதலிலிருந்து கதை கேட்பார்.

அடுத்து விளக்குகள். பண்டிகை அலங்காரத்துக்குப் பெரும்பாலான விதிப்புத்தகங்களில் தேதி வரம்பு உண்டு. எழுதியவர்கள் கிறிஸ்துமஸை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள்: தேங்க்ஸ்கிவிங் முதல் ஜனவரி நடுவரை என்பது போல. தேங்க்ஸ்கிவிங் நவம்பரின் நாலாவது வியாழன். நம் தீபாவளி அக்டோபரிலோ நவம்பர் முதல் பாதியிலோ முடிந்துவிடும். தெருவே இருட்டாக இருக்கும்போது உங்கள் வீட்டில் மட்டும் சர விளக்கு எரியும். ஆய்வுக்கு வரும் காருக்கு அது முதலில் படும். கடிதம் வந்தால், இது தீபாவளி வழிபாட்டோடு சேர்ந்த விளக்கு என்று எழுத்தில் பதில் போடுங்கள். டிசம்பரில் அதே தெருவில் எரியும் விளக்குகளைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அவர்களுக்கு ஒரு விதி, உங்களுக்கு ஒரு விதி என்றால் அது 1968-இன் மத்திய அரசு வீட்டு உரிமைச் சட்டத்தில் போய் நிற்கும் விஷயம். மத்திய வீட்டுவசதித் துறையில் புகார் கொடுக்க ஓராண்டு அவகாசம் உண்டு.

பட்டாசு வேறு கணக்கு. அதே சொத்துச் சட்டத்தின் பிரிவு 209.006-இல் சரிசெய்ய முடியாத மீறலுக்கு உதாரணமாகப் பட்டாசு வெடிப்பதைச் சட்டமே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. அதற்குச் சரிசெய்துகொள்ளும் அவகாசம் கிடையாது, அபராதம்தான். நகராட்சித் தடை தனி.

இனி நான் அதிகம் பேர் மாட்டிக்கொண்டு பார்த்த இடம்: கடிதமும் தேதியும்.

அபராதம் போடுவதற்கு முன் எச்ஓஏ சர்டிஃபைட் மெயிலில் (பதிவுத் தபாலில்) நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். என்ன மீறல், சரிசெய்ய எவ்வளவு நாள், சங்கத்தின் நிர்வாகக் குழுவான போர்டு முன் ஹியரிங் (நேரில் விளக்கம் சொல்லும் விசாரணை) கேட்கும் உரிமை, எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஹியரிங் கேட்க 30 நாள். அந்த 30 நாள் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை, அவர்கள் தபாலில் போட்ட நாளிலிருந்து ஓடுகிறது. கதவில் ஒட்டிய தபால் சீட்டைப் பார்த்துவிட்டு "சனிக்கிழமை போய் வாங்கிக்கலாம்" என்று விட்டவர்கள், டிசம்பர் லீவுக்கு விளக்கை எரியவிட்டுச் சென்னைக்குப் போனவர்கள், வீடு மாறியும் முகவரி மாற்றாதவர்கள், எல்லோரும் இங்கேதான் விழுந்தார்கள். சங்கத்தின் பதிவில் கடைசியாக உள்ள முகவரிக்கு அனுப்பினால் போதும். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் தபாலைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்ப ஒரு நண்பரைச் சொல்லி வையுங்கள்.

கொடுத்த அவகாசத்துக்குள் சரிசெய்துவிட்டால் அபராதம் போட முடியாது. ஆனால் ஆறு மாதத்துக்குள் அதே மாதிரி மீறல் திரும்ப வந்தால் இரண்டாவது அவகாசம் இல்லை. தீபாவளி விளக்குக்குக் கடிதம் வாங்கி, சண்டை எதற்கு என்று கழற்றிவிட்டு, பொங்கலுக்குத் திரும்பப் போட்டவர்களுக்கு நேராக அபராதம் வந்திருக்கிறது. அக்டோபருக்கும் ஜனவரிக்கும் நடுவே மூன்று மாதம்தான். முதல் கடிதத்தையே எதிர்த்துப் பதில் போடச் சொல்வது அதற்காகத்தான்.

ஹியரிங் கேட்கும் கடிதம் நாலு வரி போதும்: பிரிவு 209.007-இன்படி போர்டு முன் ஹியரிங் கேட்கிறேன், நோட்டீஸ் தேதி இது, வீட்டு முகவரி இது. நீங்களும் சர்டிஃபைட் மெயிலிலேயே அனுப்புங்கள், ரசீதை எறியாதீர்கள். கேட்டு 30 நாளுக்குள் அவர்கள் நடத்த வேண்டும். தாங்கள் காட்டப்போகும் படம், கடிதம் எல்லாவற்றையும் 10 நாள் முன்பே உங்களுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் 15 நாள் தள்ளிவைக்கும் உரிமை தானாகவே உண்டு. ஹியரிங்கை ஒலிப்பதிவு செய்யலாம். செய்யுங்கள், போன் மேஜைமேல் இருந்தாலே பேச்சின் தொனி மாறுகிறது.

வக்கீல் கட்டணம் சேரும் என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். ஹியரிங் முடியும்வரை, அல்லது கேட்பதற்கான கெடு தீரும்வரை, ஆகும் வக்கீல் செலவை உங்கள் தலையில் கட்ட முடியாது. எவ்வளவு அபராதம் என்பதற்கும் பட்டியல் இருக்க வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து அபராதக் கொள்கையை எழுத்தில் வைத்து உறுப்பினர்களுக்குத் தெரியப்படுத்துவது கட்டாயம். அந்தப் பட்டியலைக் கேளுங்கள்.

கோபத்தில் ஆண்டுச் சந்தாவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வெறும் அபராதத்துக்காக வீட்டை ஜப்தி செய்ய டெக்சஸில் முடியாது. சந்தா பாக்கிக்கு முடியும். ஐம்பது டாலர் அபராதச் சண்டையில் சந்தாவை நிறுத்தினால், அவர்களிடம் இல்லாத ஆயுதத்தை நீங்களே கொடுத்த மாதிரி ஆகும்.

மற்ற மாநிலங்களில் கணக்கு வேறு. கலிஃபோர்னியாவில் வாசற்கதவிலும் நிலையிலும் 36-க்கு 12 அங்குலம்வரை மதப் பொருள் வைக்கலாம். ஃபுளோரிடாவில் 2024 சட்டப்படி, பண்டிகை விளக்கை நாள் தாண்டி விட்டதற்கு எழுத்தில் நோட்டீஸ் தந்து ஒரு வாரம் கழித்துத்தான் அபராதம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் 202.018 பொருந்தும், அதில் குடியிருப்பவர் என்றே எழுதியிருக்கிறது. ஆனால் நோட்டீஸ் போவது ஓனருக்கு, ஹியரிங் கேட்பதும் ஓனர்தான். அவர் பேசாமல் கட்டிவிட்டு உங்கள் டெபாசிட்டில் கழித்தது காலி செய்யும் நாளில்தான் தெரியவரும். பிள்ளையாரை வைக்கும் அன்றே ஓனருக்கு ஒரு ஈமெயில் போடுங்கள்: எச்ஓஏ-விடமிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் அன்றைக்கே படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், ஹியரிங் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று.