புனர்வாழ்வா, மறுவாழ்வா?

ஒரு தொண்டு நிறுவனத்துக்காக அறிக்கை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். வட இலங்கையில் போருக்குப் பிறகு பிள்ளைகளுக்குச் செய்த உதவிகளைப் பற்றியது. மூலத்தில் 'ரிஹபிலிடேஷன்' என்று வந்த இடத்திலெல்லாம் யோசிக்காமல் 'புனர்வாழ்வு' என்று போட்டுக்கொண்டே போனேன். இலங்கை வாசகர்களுக்கு அதுதானே பழகிய சொல் என்று நினைப்பு. தலைப்பும் 'சிறுவர் புனர்வாழ்வு' என்று அமைந்துவிட்டது. சரிபார்க்கச் சொல்லிக் கிளிநொச்சியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே அழைத்தார்.

"தம்பி, முதல்ல இந்தத் தலைப்பை மாத்துங்கோ. புனர்வாழ்வு குடுக்கிறதுக்கு இந்தப் பிள்ளையள் என்ன குற்றம் செய்தவை?"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அகராதியில் இந்தச் சொல்லுக்குக் குற்றம், தண்டனை என்ற பொருளெல்லாம் கிடையாது. ஆனால் அவர் சொன்னது சரி. எப்படிச் சரி என்று பார்க்கச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் எழுத்து. புனர்வாழ்வில் வருவது இரண்டு சுழி 'ன'. மூன்று சுழி போட்டுப் 'புணர்வாழ்வு', 'புணரமைப்பு' என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பெயர்ப்பலகைகளிலேயே பார்க்கலாம். 'புணர்' தமிழ்ச்சொல். சேர், கூடு என்று பொருள். புணர்ச்சி அதிலிருந்துதான் வருகிறது, இலக்கணத்தில் வரும் புணர்ச்சியும் சேர்த்துத்தான். 'புனர்' வடசொல், மறுபடியும், திரும்பவும் என்று பொருள். இதை நாம் நினைப்பதை விட அதிகமாகவே புழங்குகிறோம். புனர்ஜென்மம் என்கிறோம். புனர்வசு என்ற நட்சத்திரத்தைப் புனர்பூசம் ஆக்கிப் பஞ்சாங்கத்தில் வைத்திருக்கிறோம்.

ஆனால் புனர்வாழ்வு முழு வடசொல் இல்லை. தலை வடமொழி, உடல் தமிழ். நாற்றத்துக்கு முன்னால் 'துர்' சேர்த்துத் துர்நாற்றம் என்றும், தொழிலுக்கு முன்னால் 'உப' சேர்த்து உபதொழில் என்றும் சொல்கிறோமே, அந்த மாதிரி ஒட்டு. புனரமைப்பும் அப்படித்தான். இந்தியில் இதே இடத்தில் 'புனர்வாஸ்' என்பார்கள். அதற்கு நேர்ப்பொருள் மீண்டும் குடியிருத்தல். சிங்களத்தில் 'புனருத்தாபனய', அதாவது மீண்டும் எழுப்பி நிறுத்துவது. மூன்றிலும் தலை ஒன்று, உடல் வேறு. இந்திக்காரர் இடத்தைப் பார்த்தார், சிங்களவர் எழுப்புவதைப் பார்த்தார், தமிழர் வாழ்வைப் பார்த்தார். மூன்றில் நம்முடையதுதான் அழகு என்பேன், அதன் பின்கதை தெரியாதவரை.

எதற்காக இந்தச் சொற்கள் பிறந்தனவோ அந்த 'ரிஹபிலிடேஷன்' இலத்தீன் வழி வந்தது. 'ஹாபிலிஸ்' என்றால் தகுதியுள்ள. இடைக்கால இலத்தீனில் 'ரெஹாபிலிடாரே' என்றால் பதவியையோ உரிமையையோ இழந்தவருக்கு அதைத் திருப்பிக் கொடுப்பது. உடம்பு தேறுவதும் ஊர் தேறுவதும் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பொருள்கள். ஆதியில் அது பறிபோன மதிப்பைத் திரும்பத் தருகிற சட்டச் சொல். ரஷ்ய மொழியில் இந்தப் பழம்பொருள் உயிரோடு இருக்கிறது. ஸ்டாலின் காலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களையும் நாடு கடத்தப்பட்டவர்களையும் 1950-களிலிருந்து 'ரெஅபிலிடாட்சியா' செய்தார்கள். 'உங்கள் மேல் போட்ட வழக்கு தப்பு, நீங்கள் குற்றமற்றவர்' என்று அரசே எழுதிக் கொடுப்பது அது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் இந்தக் கதைக்குள் வருவது முதல் உலகப் போருக்குப் பிறகு. நேச நாடுகளின் கடல் முற்றுகையால் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். 1919-இல் எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலேயப் பெண் இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அந்தப் பிள்ளைகளின் படம் போட்ட துண்டறிக்கைகளைக் கொடுத்துக் கைதானார். ஐந்து பவுண்டு அபராதம். எதிர்த்து வாதாடிய அரசு வழக்கறிஞரே அந்த ஐந்து பவுண்டைத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்பார்கள். அந்த ஆண்டே 'சேவ் தி சில்ட்ரன்' தொடங்கியது. ஜெப் எழுதிய ஐந்து அம்சப் பிரகடனத்தை 1924-இல் ஜெனீவாவில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் ஏற்றது. அதில் எங்கும் பெரிய கலைச்சொல் கிடையாது. பசித்த பிள்ளைக்கு உணவு கொடுக்க வேண்டும், நோயுற்ற பிள்ளையைப் பேண வேண்டும், வழி தவறிய பிள்ளையை மீட்க வேண்டும், ஆதரவற்ற பிள்ளைக்கு இடம் தர வேண்டும், துன்ப காலத்தில் உதவி முதலில் பிள்ளைக்கே போய்ச் சேர வேண்டும். வீட்டில் பாட்டி சொல்வது போல இருக்கிறது.

கலைச்சொல் வந்தது அடுத்த போரில். 1943 நவம்பரில் 44 நாடுகள் கையெழுத்திட்டு ஐக்கிய நாடுகள் நிவாரண, புனர்வாழ்வு நிர்வாகம் என்ற அமைப்பை உண்டாக்கின. இங்கே நிவாரணம் என்பது உடனடிச் சோறு, துணி, மருந்து. புனர்வாழ்வு என்பது விதை, மாடு, டிராக்டர், தண்டவாளம். மனிதர்களை விட நிலத்துக்கும் தொழிலுக்குமே அந்தச் சொல் அதிகம் பொருந்தியது. அந்த அமைப்பைக் கலைக்கிறபோது, ஐரோப்பாவின் பிள்ளைகள் கதி என்ன என்று கேட்டவர் லுட்விக் ரைக்மன் என்ற போலந்து மருத்துவர். மிச்சமிருந்த பணத்தைக் கொண்டு 1946 டிசம்பர் 11 அன்று யுனிசெஃப் பிறந்தது. பால்தான் அதன் முதல் வேலை. 1949-இல் அது வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டையில் இருந்த படத்தை, செக்கோஸ்லோவாக்கியாவில் உதவி பெற்ற ஒரு கிராமத்தின் ஏழு வயதுச் சிறுமி வரைந்திருந்தாள். பள்ளியில் காகிதம் இல்லை. கண்ணாடித் துண்டின் மேல் வரைந்திருக்கிறாள்.

சரி, இலங்கைக்கு வருவோம். அங்கே புனர்வாழ்வு ஆரம்பத்தில் நல்ல சொல்லாகத்தான் இருந்தது. 1985-இல் தமிழர் புனர்வாழ்வுக் கழகம் உருவானது. அகதிகளுக்கு உதவ என்று தொடங்கிப் பிறகு புலிகளின் பகுதியில் பெரிய அமைப்பாக வளர்ந்தது, 2007-இல் அமெரிக்கா அதன் சொத்துகளை முடக்கியது. அரசுப் பக்கத்தில் 1987-இல் ஆட்கள், ஆதனங்கள், கைத்தொழில்கள் புனர்வாழ்வு அதிகாரசபை வந்தது. ஆதனம் என்றால் அங்கே சொத்து. எரிந்த கடைக்கும் இடிந்த வீட்டுக்கும் நட்டஈடு கேட்டு விண்ணப்பித்த இடம். அந்தக் காலத்தில் புனர்வாழ்வு என்றால் மக்களுக்கு விண்ணப்பப் படிவமும் காசோலையும்தான் ஞாபகம் வரும்.

போர் முடிந்த 2009 மே மாதத்தோடு இது மாறிப்போனது. சரணடைந்தவர்கள், முகாம்களில் பிரித்தெடுக்கப்பட்டவர்கள் என ஏறத்தாழ 12,000 பேரை அரசு 'புனர்வாழ்வு'க்கு அனுப்பியது. நடத்தியது புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகம். அந்த நாற்காலியில் இருந்தவர்கள் இராணுவ அதிகாரிகள். தச்சு, மேசன் வேலை, தையல் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் வாசலில் காவல் இருந்தது. பெரும்பாலானோர் மேல் வழக்கும் இல்லை, நீதிமன்றத் தீர்ப்பும் இல்லை. அதனால் ஊர்ச்சனம் அதற்கு வேறு பெயர் வைத்தது: தடுப்பு. 'அவர் தடுப்பில இருந்து வந்தவர்' என்றால் போதும், எல்லாருக்கும் விளங்கும். செய்தித்தாளில் அதே ஆள் 'புனர்வாழ்வளிக்கப்பட்ட முன்னாள் போராளி'. வேலை கேட்டுப் போனாலும் பெண் கேட்டுப் போனாலும் அந்த அடைமொழியும் கூடவே போகும். மாஸ்கோவில் இந்தச் சொல் குற்றமற்றவன் என்று சான்று கொடுத்தது. வன்னியில் அதே சொல் ஒரு ஆளின் மேல் ஒட்டிய முத்திரை ஆகிவிட்டது.

அரசுக் கணக்கில் அவர்களில் 594 பேர் பிள்ளைகள். பலர் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போகப்பட்டு இயக்கத்தில் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களைப் பெரியவர்களோடு வைக்காமல் அம்பேபுஸ்ஸ, வவுனியா பூந்தோட்டம், இரத்மலானை இந்துக் கல்லூரி என்று பிரித்து அனுப்பி, ஓராண்டுக்குள் வீடுகளுக்கு விட்டார்கள். இந்தப் பகுதி ஓரளவு சரியாக நடந்தது என்று சொல்ல வேண்டும். ஆனாலும் பதினைந்து வயதுப் பிள்ளை திரும்பி வருகிறபோது 'புனர்வாழ்வு முடிச்சு வந்தவன்' என்ற பெயரோடுதான் வந்தான். ஆசிரியை சொன்னது இதைத்தான். "அப்ப என்ர வகுப்பில இரண்டு பேர் அப்பிடி வந்து இருந்தவை. டாப்பு கூப்பிட்டா எழும்ப மாட்டினம்" என்றார். டாப்பு என்றால் வருகைப் பதிவேடு.

இந்தக் கரையில் கதை வேறு. தமிழ்நாட்டில் புனர்வாழ்வு அவ்வளவாகப் புழங்காது, மறுவாழ்வுதான். இங்கேயும் அது ஒரே பொருளில் இல்லை. போதை மறுவாழ்வு மையம் என்றால் குடியை நிறுத்துகிற இடம். கைம்பெண்ணை மணந்தவர் 'மறுவாழ்வு கொடுத்தார்'. வாய்ப்பில்லாமல் கிடந்த நடிகருக்கும் ஒரு இயக்குநர் மறுவாழ்வு கொடுப்பார். 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம்களை இனி மறுவாழ்வு முகாம் என்று அழைக்கலாம் என்றார். அதே நாட்களில் 317.40 கோடி ரூபாய் ஒதுக்கீடும் வந்தது. அதில் பழுதான 7,469 வீடுகளைக் கட்டித் தருவதும் அடக்கம். 'அகதி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மறுவாழ்வு' என்று வைத்தது மரியாதைக்குத்தான். 'முகாம்' மட்டும் பெயரில் அப்படியே இருக்கிறது.

அப்படியானால் புனர்வாழ்வுக்கு நல்ல தமிழ் மறுவாழ்வுதானா? பெரும்பாலும் ஆமாம், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 'மறு' என்றால் இன்னொரு. மறுநாள் என்பது அதே நாள் திரும்பி வருவதல்ல. மறுவீடும் மறுபக்கமும் அப்படியே. மறுவாழ்வு என்றால் பழைய வாழ்வு முடிந்தது, இது வேறொன்று. 'மீள்' அப்படியில்லை. போன இடத்திலிருந்து திரும்பி வருவது. இலங்கைத் தமிழர் இந்த மீளை எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பார்கள்: மீள்குடியேற்றம், மீள்நிர்மாணம், மீள்பரிசீலனை. நாம் அதே இடங்களில் மறுகுடியமர்வு, மறுசீரமைப்பு, மறுபரிசீலனை என்போம். இது வெறும் வட்டார வழக்கா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சொந்தக் காணிக்குத் திரும்பிப் போவதையே கனவாக வைத்திருந்த சனத்துக்கு 'மீள்' கூடுதலாகப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

இலக்கணத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புனர்வாழ்வு, மறுவாழ்வு இரண்டும் 'அளி', 'கொடு' என்ற வினைகளைத் தேடிப் போகின்றன. ஒருவர் கொடுப்பார், ஒருவர் கைநீட்டி வாங்குவார். மீள் என்ற வேரிலிருந்து இரண்டு பெயர்கள் வரும். மீட்பு என்றால் யாரோ வந்து மீட்பது. வெள்ளத்தில் படகு விட்டு மீட்கிறார்களே, அது. மீட்சி என்றால் தானே மீண்டு எழுவது. பிள்ளை விஷயத்தில் நமக்கு வேண்டியது பின்னது.

1989-இல் ஐ.நா. ஏற்ற சிறுவர் உரிமைகள் சாசனத்தின் 39-ஆவது பிரிவைத் தேடிப் படித்தேன். போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அரசுகள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பிரிவு. அதில் 'ரிஹபிலிடேஷன்' என்ற சொல்லே இல்லை. உடலாலும் மனத்தாலும் பிள்ளை மீண்டு வருவதையும் சமூகத்தோடு திரும்ப இணைவதையும் பற்றித்தான் பேசுகிறது. அது பிள்ளையின் உடல்நலம், சுயமரியாதை, கண்ணியம் மூன்றையும் வளர்க்கும் சூழலில் நடக்க வேண்டும் என்கிறது. ஆசிரியை அந்தப் பிரிவைப் படித்துவிட்டுத் தொலைபேசி எடுத்தாரா என்று தெரியாது. படிக்காமலே அதைச் சொல்லிவிட்டார்.

பக்கத்துச் சொற்களையும் சேர்த்துச் சரிபார்த்தேன். நிவாரணம் என்றால் வடமொழியில் தடுத்தல், விலக்குதல். வலி நிவாரணி என்பதில் அந்தப் பொருள் அப்படியே தெரியும். வலியை விலக்கும், நோயைக் குணமாக்காது. அறிக்கையில் பால்மா, பாய், கொப்பி கொடுத்ததைப் பேசும் இடத்தில் அது பொருத்தம்தான். தமிழில் துயர்தணிப்பு எனலாம், ஆனால் வரிசையில் நிற்கிறவர் 'நிவாரணம் எடுக்கப் போறன்' என்றுதான் சொல்வார், விட்டுவிட்டேன். புனரமைப்பு கட்டடத்துக்கு உரியது: பள்ளிக்கூடம், குளம், வீதி. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் இலங்கை ரூபாய் கொடுத்து ஆட்களே கட்டிக்கொண்டார்களே, அது போன்ற வேலை. அதை மீள்கட்டுமானம் என்று மாற்றினேன். கல்லும் மண்ணும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை என்றாலும், ண-ன குழப்பமாவது தீரும்.

தலைப்பைப் 'போருக்குப் பின் பிள்ளைகளின் மீட்சியும் மீளிணைவும்' என்று திருத்தி அனுப்பினேன். சிறுவர் என்பதையும் எடுத்துவிட்டேன். இலங்கையில் சிறுவர் என்றால் பெண்பிள்ளைகளும் அடக்கம். யுனிசெஃப் அங்கே சிறுவர் நிதியம், இங்கே குழந்தைகள் நிதியம். இரண்டு கரைக்கும் பொதுவாகப் பிள்ளைகள் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மாலையில் பதில் வந்தது. தலைப்பு நல்லம் என்றார். ஆனால் நாலாம் பக்கத்தில் ஒரு இடத்தில் என் கை பழக்கதோஷத்தில் 'குழந்தைகள்' என்று அடித்திருந்தது.

"பதினாறு வயசுப் பொடியனைப் போய்க் குழந்தை எண்டு எழுதியிருக்கிறியள், தம்பி. அவன் பாத்தா சிரிப்பான்."