பேங்க் மூழ்கினா யாரைக் கேக்கறது?

ஐடி ரிட்டர்ன் சீசன்ல என் டேபிளுக்கு வர்ற ஃபைல்ல சிலதைப் பார்த்தாலே பக்குன்னு இருக்கும், ரிட்டயர்மென்ட் பணம் மொத்தமும் ஒரே கூட்டுறவு பேங்க்ல, கேட்டா "ஒரு பர்சன்ட் வட்டி கூட குடுக்கறாங்க சார், அதான் மூணு பிராஞ்ச்ல பிரிச்சுப் போட்டிருக்கேனே"ம்பாங்க. பிராஞ்ச் மாத்திப் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லைங்க. பேங்க் மூழ்கினா கைக்கு வர்ற டெபாசிட் இன்ஷூரன்ஸ் ஒரு பேங்குக்கு ஒரு ஆளுக்கு 5 லட்சம், அசலும் வட்டியும் சேர்த்து, அவர் பேர்ல எல்லா பிராஞ்ச்லயும் இருக்கறதைக் கூட்டித்தான் பார்ப்பாங்க.

மும்பை பிஎம்சி (பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு) பேங்க் 2019 செப்டம்பர்ல முடங்கினப்போ அந்த 5 லட்சம் கூட கிடையாது, வெறும் 1 லட்சம்தான். 1993-ல வச்ச லிமிட் அது. நடுவுல எத்தனை பிரதமர், எத்தனை பட்ஜெட், எந்தக் கட்சிக்கும் இதை ஏத்தணும்னு தோணல, ஜனங்க ரோட்டுக்கு வந்தப்புறம் 2020 பிப்ரவரில ஏத்தினாங்க.

அந்த பேங்க்ல என்ன நடந்துச்சுன்னா, குடுத்த கடன்ல பெரும்பகுதி எச்டிஐஎல்ங்கற ஒரே ரியல் எஸ்டேட் குரூப்புக்குப் போயிருக்கு, அதை மறைக்க 21,000-க்கு மேல போலி கணக்கு. ஆடிட்டர்கள் சிலரும் கைதானாங்க (எங்க ஆளுங்கதான், வெக்கமா இருக்கு). டெபாசிட் போட்டவங்களுக்கு முதல்ல ஆறு மாசத்துக்கு எடுக்க விட்டது 1,000 ரூபா!

அக்டோபர்ல மும்பை வந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன்கிட்ட ஜனங்க போய் நின்னாங்க. ரிசர்வ் பேங்க்தான் ரெகுலேட்டர், எங்க அமைச்சகத்துக்கு நேரடி சம்பந்தம் இல்லங்கற மாதிரி பதில் வந்துச்சு. சட்டப்படி அது முழுப் பொய்யும் இல்ல. பேங்கிங் வேலை ரிசர்வ் பேங்க் கீழ, நிர்வாகம் கூட்டுறவுப் பதிவாளர் கீழன்னு ரெட்டை ஆட்சி, ஆளுக்கு ஆள் கை காட்டலாம். ஆனா அந்தச் சட்டத்தைப் போட்டது யாரு, பார்லிமென்ட் தானே? 2020-ல திருத்தி ரிசர்வ் பேங்குக்கு அதிகாரம் குடுத்தாங்களே, அதை முன்னாடியே செய்ய என்ன தடை?

ஐஸ்லாந்துல 2008-ல மூணு பெரிய பேங்க் விழுந்ததுக்கு அப்போ பிரதமரா இருந்த கெய்ர் ஹார்டேவையே தனி கோர்ட்ல நிறுத்தினாங்க, முக்கியமான விஷயத்துக்கு கேபினட்டைக் கூட்டலன்னு 2012-ல தப்பு நிரூபணமாச்சு. தண்டனை ஒண்ணும் குடுக்கல, அது வேற கதை. இங்க அந்த அளவுக்குக் கூட நம்ம ஆளுங்க யாரையும் கேள்வி கேட்டதில்ல.

பிஎம்சி 2022 ஜனவரில யூனிட்டி ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்கோட சேர்ந்துச்சு. 5 லட்சத்துக்கு மேல வச்சிருந்தவங்களுக்கு மீதி தவணைல, பெரிய தொகைன்னா முழுசா வர 10 வருஷம், அதுல முதல் 5 வருஷம் வட்டியே கிடையாது. 70 வயசுக்காரர் என்ன பண்ணுவார்?

டெபாசிட் இன்ஷூரன்ஸ் சட்டத்துல 2021-ல பண்ணின திருத்தத்துக்கு அப்புறம் பேங்க் முடங்கினா இன்ஷூரன்ஸ் பணம் 90 நாள்ல வரணும், அது நல்ல மாற்றம், ஒத்துக்கறேன். ஆனா பேங்க் ஷேர், பேங்க் பாண்டு எதுக்கும் இந்த இன்ஷூரன்ஸ் கிடையாது, டெபாசிட் மாதிரிதான்னு கவுன்டர்ல யாராவது சொன்னா எழுதிக் குடுங்கன்னு கேளுங்க.