மூடி உடைகிறதா? கீலைத் தடிமனாக்காதீர்கள்

போன வாரம் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் ஒரு பை நிறைய மூடிகள். லோஷன் பாட்டிலுக்குப் போடும் ஃபிளிப் டாப் மூடி. கட்டைவிரலால் நெம்பினால் திறக்கும், அழுத்தினால் ‘டக்’கென்று மூடிக்கொள்ளும். அத்தனையும் இரண்டு துண்டாகக் கிடந்தன. கூடவே ஒரு வரைபடம். கீல் வரும் இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, 0.35 மி.மீ. என்றிருந்ததை அடித்துவிட்டு 0.8 என்று எழுதியிருந்தார்கள். போன் செய்தேன். “சார், 0.8 போட்டும் உடையுது. பேசாம 1.2 போட்டுடலாமா?” என்று கேட்டார் உற்பத்தியைப் பார்த்துக்கொள்பவர்.

இதே கேள்வி இந்த வருடத்தில் எனக்கு வருவது நான்காவது முறை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மூடி வடிவமைப்பவர்கள், மோல்டு (வார்ப்பு அச்சு) செய்பவர்கள், மூடியை வாங்கிப் பாட்டிலில் பொருத்துபவர்கள் எல்லோரும் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

நாம் பேசுவது லிவிங் ஹிஞ்ச் பற்றி. ஆணி கிடையாது, தனிப் பட்டை கிடையாது. மூடியும் அடிப்பகுதியும் ஒரே வார்ப்பில் வந்து, நடுவில் ஓரிடத்தில் பிளாஸ்டிக் படலம்போல் மெலிந்திருக்கும். அந்த மெலிவுதான் கீல். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மி.மீ.க்குள் வைப்போம். இதைப் பார்க்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது, ‘இவ்வளவு மெல்லிசா இருந்தா உடையாம என்ன செய்யும்?’ என்பதுதான். அந்த எண்ணம்தான் மூடிகளை உடைக்கிறது.

ஒரு தாளை எடுத்து மடித்துப் பாருங்கள். பல முறை மடித்து விரித்தாலும் தாங்கும். இப்போது ஒரு கெட்டி அட்டையை மடியுங்கள். முதல் மடிப்பிலேயே வெளிப்பக்கம் விரிசல் விடும். எந்தப் பொருளை வளைத்தாலும் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். எவ்வளவு இழுபடும் என்பதற்குக் கணக்கு எளிது: தடிமனில் பாதியை, வளைவின் ஆரத்தால் வகுத்தால் போதும்.

போட்டுப் பார்ப்போம். கீலின் மெலிந்த பகுதி 1.5 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். மூடியை முழுக்க மூடும்போது அது அரைவட்டமாக வளைகிறது. அப்படியானால் ஆரம் ஏறத்தாழ 0.48 மி.மீ. தடிமன் 0.3 என்றால் வெளிப்பக்கம் 31 சதவீதம் நீள வேண்டும். 0.8 என்றால் 83 சதவீதம் நீள வேண்டும். 1.2 போட்டால்? 125 சதவீதம். ‘பலப்படுத்துகிறோம்’ என்று நினைத்து அந்தப் பிளாஸ்டிக்கிடம் நாம் கேட்பது இதைத்தான்.

இன்னொன்றும் நடக்கிறது. வளைப்பதற்கான விறைப்பு தடிமனின் மும்மடியாக ஏறும், அதாவது தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. 0.35ஐ 0.8 ஆக்கினால் கீல் கிட்டத்தட்ட 12 மடங்கு விறைத்துப் போகும். அப்புறம் கீல் வளையாது. கீல் தொடங்கும் மூலையில், தடித்த சுவர் சட்டென்று மெலியும் அந்தக் கோட்டில், மொத்த வளைவும் போய்க் குவியும். பார்சலில் வந்த மூடிகளை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை சரியாக அந்த மூலையில்தான் பிளந்திருந்தன.

‘பாலிப்ரொப்பிலீன் சுமார் 10 சதவீதம் நீண்டாலே நிரந்தரமாக உருமாறத் தொடங்கிவிடுமே, அப்போது 31 மட்டும் எப்படித் தாங்கும்?’ என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. விஷயமே அங்கேதான் இருக்கிறது. மெல்லிய படலம் முதல்முறை வளையும்போது உடையாமல் இழுபடுகிறது. இழுபடும்போது உள்ளே இருக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் கீலுக்குக் குறுக்கே, வளையும் திசையில் ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. அந்தத் திசையில் அதன் வலு முன்பைவிடப் பல மடங்கு கூடுகிறது. சரியாகச் செய்த கீல் லட்சக்கணக்கான மடிப்புகளைத் தாங்குவது இதனால்தான். தடித்த கீலில் சங்கிலிகள் அடுக்கிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை. அதற்குள் மேற்பரப்பு கிழிந்துவிடுகிறது. இத்தாலியில் ஜூலியோ நட்டா 1954இல் உருவாக்கிய இந்தப் பிளாஸ்டிக் 1957இல் தொழிற்சாலை உற்பத்திக்கு வந்தது. மூடிகளுக்கு இது இவ்வளவு பொருந்திப்போனதற்கு முக்கியக் காரணம் இந்த ஒரு குணம். அதை நாமே தடிமன் போட்டுக் கொல்லக் கூடாது.

மோல்டு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கீலைத் தடிமனாக்குவது உங்களுக்கு எளிது, மோல்டின் இரும்பைக் கொஞ்சம் சீவினால் போதும். திரும்ப மெலிதாக்க வேண்டுமென்றால் இரும்பைச் சேர்க்க வேண்டும், அதாவது வெல்டிங். அதனால் மெலிதாகத் தொடங்கி, சோதித்துப் பார்த்து, தேவையானால் மட்டும் நூறில் ஐந்து மி.மீ. அளவாகச் சீவுங்கள். கீல் வரும் இடத்தைத் கழற்றி மாட்டும் தனித் துண்டாக, அதாவது இன்செர்ட்டாகவே செய்துவிட்டால் இன்னும் நல்லது. தவறினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வாடிக்கையாளர் போனில் சொன்னார் என்று ஒரே மாலையில் 0.45 மி.மீ. சீவிவிடாதீர்கள்.

சரி, முதலில் 0.35இல் இருந்த மூடி ஏன் உடைந்தது? இதை யாரும் கேட்கவே இல்லை. அந்தப் பழைய மூடிகளில் இரண்டைக் கேட்டு வாங்கினேன். பிளவு கீலின் நடுவில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக ஓடியிருந்தது. அப்படி நேராக ஓடினால் நான் முதலில் சந்தேகப்படுவது கேட்டைத்தான். கேட் என்றால் உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாசல். விசாரித்தால், அடிப்பகுதியில் ஒரு கேட், மேல்மூடியில் இன்னொரு கேட். ஆரம்பத்தில் ஒன்றுதான் இருந்ததாம். மேல்மூடி முழுதாக நிரம்பவில்லை என்று அங்கே இரண்டாவதைத் திறந்திருக்கிறார்கள். இரண்டு பக்கமிருந்தும் வந்த பிளாஸ்டிக் கீலிலேயே முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. ஓட்டத்தின் முனை மெல்லிய இடத்தில் சீக்கிரம் ஆறிவிடும். ஆறிய இரண்டு முனைகள் ஒட்டினால் அது பேருக்குத்தான் ஒட்டு. வெல்ட் லைன் எனப்படும் இந்த ஒட்டுக்கோடு கீலின்மேல் விழுந்துவிட்டால் நீங்கள் எந்தத் தடிமன் வைத்தாலும் அது உடையத்தான் செய்யும்.

பிளாஸ்டிக் கீலைக் குறுக்கே கடக்க வேண்டும், ஒரே பக்கத்திலிருந்து, அகலம் முழுக்க ஒரே நேரத்தில். கேட் அடிப்பகுதியில், கீலை நேராகப் பார்த்தபடி இருக்க வேண்டும். மேல்மூடி நிரம்பவில்லையா? இன்ஜெக்‌ஷன் வேகத்தைக் கூட்டுங்கள். காற்று வெளியேற வழி இருக்கிறதா பாருங்கள். இன்னும் சரளமாக ஓடும் கிரேடுக்கு மாறுங்கள். மேல்மூடியின் சுவரைக் குறைக்க முடியுமா என்று யோசியுங்கள். இரண்டாவது கேட் மட்டும் வேண்டாம்.

அடுத்து, மோல்டிலிருந்து வந்த மூடியைச் சூடு ஆறுவதற்குள் மடித்துவிடுங்கள். மோல்டுக்குள்ளேயே மூடிவிடும் அமைப்பு இருந்தால் மிகவும் நல்லது. இல்லாவிட்டால் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று கையாலாவது மடிக்கச் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன சங்கிலி அடுக்கு இளஞ்சூட்டில்தான் ஒழுங்காக நடக்கும். மூடிகளைத் திறந்தபடியே பெட்டியில் கொட்டி, மூன்று நாள் கழித்துப் பாட்டில் நிரப்பும் இடத்தில் முதல்முறை மடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கீலின் ஆயுளில் பெரும் பங்கை அந்தப் பெட்டியிலேயே இழந்துவிடுகிறார்கள்.

பிளாஸ்டிக் எது என்பதில் நான் அதிகம் வாதாடுவதில்லை. பாலிப்ரொப்பிலீன்தான். எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன்) சில இடங்களில் ஓடும், ஆனால் சோப்புக் கரைசல், எண்ணெய் போன்றவை பட்டால் அழுத்தம் இருக்கும் இடத்தில் அது விரிசல் விடக்கூடும். ஏ.பி.எஸ்., பாலிஸ்டைரீன் போன்ற விறைத்த பிளாஸ்டிக் கீலுக்கு ஆகவே ஆகாது. டால்க் பொடியோ கண்ணாடி இழையோ கலந்த கிரேடு வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத ரீகிரைண்ட் (கழிவை அரைத்து மறுபடி பயன்படுத்தும் பிளாஸ்டிக்) வேண்டவே வேண்டாம். மூடி குளிரான இடத்துக்குப் போகுமென்றால், ஹோமோபாலிமர் (வேறெதுவும் சேராத பாலிப்ரொப்பிலீன்) 0 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக் கோபாலிமர் (எதிலீன் சேர்த்த) கிரேடைப் பாருங்கள்.

நிறம் மாற்றினாலும் மறுபடி சோதியுங்கள். தாலோசயனின் என்ற நிறமி வகை நீலமும் பச்சையும் பாலிப்ரொப்பிலீன் படிகமாகும் வேகத்தையே மாற்றிவிடும். சுருக்கம் மாறும், ‘டக்’ என்ற பிடிப்பு மாறும். வெள்ளையில் அழகாக மூடிய அதே மோல்டு நீலத்தில் மூட மறுக்கும்போது இயந்திரம் ஓட்டுபவரைத் திட்டுவார்கள். அவர்மீது தவறே இருக்காது.

பாதி வழக்குகளில் குற்றவாளி கீலே அல்ல, முன்பக்கப் பிடிப்பு. வழியில் கசிந்துவிடும் என்ற பயத்தில் பிடிப்பு விளிம்பை ஆழமாக வைத்துவிடுகிறார்கள். ஈரக்கையோடு இருப்பவருக்கு அது திறக்காது. நகத்தால் நெம்புவார், பல்லால் இழுப்பார், கடைசியில் மூடியைப் பக்கவாட்டில் முறுக்குவார். கீல் வளையப் பிறந்தது, முறுக்கத் தாங்காது. கசிவைத் தடுப்பது துளைக்குள் இறங்கும் அடைப்பானின் வேலை. பிடிப்பு விளிம்பு மூடியைப் பிடித்து வைத்தால் போதும். கட்டைவிரல் வைக்கத் தாராளமாக ஒரு குழிவு கொடுங்கள். அடைப்பானையும் குட்டையாக, நுனி சரிவாக வையுங்கள். மூடி நேராக இறங்குவதில்லை, வில்லாக வருகிறது. நீளமான அடைப்பான் துளையின் விளிம்பில் இடித்து, ஒவ்வொரு முறையும் கீலைப் பின்னால் தள்ளும்.

முப்பரிமாண அச்சில் எடுத்த மாதிரியை மடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அது அடுக்கடுக்காக ஒட்டியது. அதில் ஓட்டமும் இல்லை, சங்கிலி அடுக்கும் இல்லை. மூடியின் உருவம், விரல் படும் இடம், பாட்டிலோடு பொருந்துகிறதா என்பதற்கு அந்த மாதிரி போதும். கீலுக்கு ஒற்றைக் கேவிட்டி (ஒரு மூடி மட்டும் வார்க்கும் குழி) உள்ள சோதனை மோல்டு ஒன்று போட்டே ஆக வேண்டும். செலவுதான். முழு மோல்டையும் வெல்டிங்குக்கு அனுப்பும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சோதிக்கும்போது எல்லாக் கேவிட்டியிலிருந்தும் மூடி எடுங்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் கைக்கு எட்டியதை மட்டும் எடுத்து வராதீர்கள். கோர் (மோல்டின் உள்பக்க அச்சு) நூறில் ஐந்து மி.மீ. நகர்ந்தாலே 0.3 மி.மீ. கீல் ஆறில் ஒரு பங்கு மாறிவிடும். அளவெடுப்பதை இரண்டு நாள் தள்ளி வையுங்கள், அதுவரை பாலிப்ரொப்பிலீன் சுருங்கிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே என்ன நிரப்பப் போகிறீர்களோ அதைத் தடவிய மூடியையும் சோதியுங்கள்.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். பிய்ந்த மூடி என்பது புகார்க் கடிதத்தோடு முடிகிற விஷயம் அல்ல. சிறு குழந்தைகளுக்கு மூச்சடைக்கும் அளவா என்று பார்க்க ஒரு சோதனை உருளை உண்டு, விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் ஆபத்தானது என்று கணக்கு. நாம் செய்யும் ஃபிளிப் டாப் மேல்மூடிகள் பெரும்பாலும் அதற்குள் சுலபமாக அடங்கிவிடும். கீல் உறுதியாக இருக்கும்வரை அது பாட்டிலோடு இருக்கும். பிய்ந்தால் தரையில் கிடக்கும். குழந்தைகளுக்கான லோஷன், எண்ணெய், பவுடர் டப்பாவுக்கு மூடி செய்பவர்கள் அந்த உருளை ஒன்றை மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அதேபோல், சாதாரண ஃபிளிப் டாப் மூடியைக் குழந்தையாலும் திறக்க முடியும். மாத்திரைக்கும், அமிலம், காரம் கலந்த துப்புரவுத் திரவத்துக்கும் அதைப் போடாதீர்கள். குழந்தைகள் திறக்க முடியாத மூடிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 8317 என்ற தரநிலை இருக்கிறது. அதில் தேறியதைப் போடுங்கள். ‘மேலே எச்சரிக்கை எழுதியிருக்கிறோமே’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். இரண்டு வயதுக் குழந்தைக்கு அதைப் படிக்கத் தெரியாது.

பார்சல் அனுப்பியவர்களின் மோல்டு இப்போது வெல்டிங்கில் இருக்கிறது. மேல்மூடிக் கேட்டை அடைக்கச் சொல்லியிருக்கிறேன். கீலுக்கு 0.3இல் இன்செர்ட் வருகிறது, முனைகளில் கூர்மை இல்லாமல் வளைவு கொடுத்து.

இனி எனக்கு உடைந்த மூடி அனுப்புகிறவர்கள், கூடவே ஷார்ட் ஷாட்டும் அனுப்புங்கள். பிளாஸ்டிக்கைக் கால், அரை, முக்கால் என்று குறைத்து ஊற்றி, பாதியில் நின்ற மூடிகளை வரிசையாக எடுத்து எண் போட்டுக் கட்டி அனுப்புங்கள். ஓட்டம் எந்தப் பக்கமிருந்து வந்தது, கீலில் எங்கே தயங்கியது, எங்கே முட்டியது எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். வரைபடத்தில் சிவப்பு மை வைப்பதற்கு முன் அதை நீங்களே ஒருமுறை மேசைமேல் பரப்பிப் பாருங்கள். என்னிடம் வரவேண்டிய தேவைகூட இருக்காது.