ஏலம்: சொல் எங்கிருந்து வந்தது, சட்டத்தில் என்ன செய்கிறது

ஏலம் தமிழ்ச் சொல் இல்லை என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஏலம் விட்டார்கள், ஏலம் கேட்டார், ஏலத்தில் எடுத்தார், வீடு ஏலம் போய்விட்டது என்று அது நம் வினைச்சொற்களோடு அவ்வளவு ஒட்டிப்போயிருக்கிறது. ஆனால் இது போர்த்துக்கீசியச் சொல். அங்கே லெய்லாவ்ங் என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் மூலம் அதுதான் என்கிறது. சாவியும் ஜன்னலும் அலமாரியும் வந்த வழியிலேயே இதுவும் வந்தது. மலையாளத்தில் லேலம் என்று முதல் எழுத்தோடு அப்படியே இருக்கிறது, தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் உதிர்ந்துவிட்டது. இந்தியில் நீலாம், தெலுங்கில் வேலம், மலாய் மொழியில் லெலோங், எல்லாம் ஒரே குடும்பம். வாசனைப் பொருளான ஏலம் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது, அது வேறு சொல். ஏலக்காய் ஏலம் என்று எழுதும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான்.

போர்த்துக்கீசியருக்கும் இது சொந்தச் சொல் இல்லை. அரபியில் அல்-இஃலாம், அதாவது அறிவித்தல், தெரியப்படுத்துதல் என்பதிலிருந்து அவர்கள் எடுத்ததாக அகராதிகள் சொல்கின்றன. இங்கேதான் எனக்கு ஆர்வம் வந்தது. ஆங்கிலத்தில் ஆக்‌ஷன் என்பது லத்தீனில் ‘கூடுதல்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது, விலை ஏறுவதைப் பார்த்து வைத்த பெயர். ஸ்பானியர்களின் சுபாஸ்தா ‘ஈட்டியின் கீழ்’ என்று பொருள்படும், ரோமானியர் ஈட்டியை நட்டு அதன் கீழே விற்ற பழக்கத்தின் மிச்சம். நம் சொல் விலையையும் பார்க்கவில்லை, ஈட்டியையும் பார்க்கவில்லை, அறிவிப்பைப் பார்க்கிறது. சொத்து ஏலத்தில் சட்டம் பார்ப்பதும் அதைத்தான்.

இந்தியாவில் நீதிமன்றம் மூலம் நடக்கும் ஏலத்துக்கு 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளைதான் வழி. அதில் விற்பனைப் பிரகடனத்தைச் சொத்து இருக்கும் இடத்திலோ பக்கத்திலோ தமுக்கடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறது, கணினி வழி ஏலம் வந்த பிறகும் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. அதே கட்டளையின் 90ஆம் விதி, ஏலத்தை ரத்து செய்யக் கேட்பவர் ‘விற்பனையை அறிவிப்பதிலோ நடத்துவதிலோ’ பெரிய முறைகேடோ மோசடியோ நடந்ததையும் அதனால் தனக்குக் கணிசமான நஷ்டம் வந்ததையும் காட்ட வேண்டும் என்கிறது. பாருங்கள், நடத்துவதற்கு முன்னால் அறிவிப்பு வருகிறது.

வங்கி ஏலத்துக்கு 2002ஆம் ஆண்டு சர்பாசி சட்டம், கடன் திரும்பாதபோது நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி விற்க வழி செய்வது. முதலில் கடன்காரருக்கு 60 நாள் கெடு வைத்து அறிவிப்பு, அப்புறம் சொத்தைக் கையில் எடுத்து, விற்கும் முன் 30 நாள் அறிவிப்பு. 2016 திருத்தத்துக்குப் பிறகு கடனைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் நாள் வரைக்கும்தான், 2023இல் உச்ச நீதிமன்றமும் அப்படியே தீர்ப்புச் சொன்னது. ஏல நாள் வரைக்கும் நேரம் இருக்கிறது என்று காத்திருக்கும் உரிமையாளர்களுக்கு இதை யாராவது முன்னாலேயே சொல்லியாக வேண்டும்.

சரி, இதற்கு நல்ல தமிழ் என்ன? கல்வெட்டுகளில் பெருவிலை என்று ஒரு சொல் வருகிறது, சண்டேசுவரப் பெருவிலை என்பது கோயில் நில விற்பனை தொடர்பாக வருவது. பலரறியக் கூறி விற்பதையே அது குறிக்கிறது, நம் ஏலத்துக்கு நெருங்கியது என்று கல்வெட்டு அறிஞர்கள் கொள்கிறார்கள். பழைய நில விற்பனை ஆவணங்களின் நடையும் அதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது: கொள்வார் உண்டோ என்று விற்பவர் முதலில் கூற, கொள்வேன் என்று எதிர்மொழி வர, ‘எம்மில் இசைந்த விலைப்பொருள்’ முடிவாகிறது. அழகான சொல்தான், ஆனால் இன்றைக்குப் பெருவிலை என்று பத்திரிகையில் போட்டால் ரொம்ப விலை சொல்கிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஏலம் இருக்கட்டும், சில நூறு வருஷமாக இங்கேயே இருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் சொற்களைச் சரிசெய்தால் போதும்.

முதலில் ஏலதாரர். ஒரே பத்திரத்தில் ஏலம் விடுபவரையும் குறிக்கிறது, கேட்பவரையும் குறிக்கிறது. ஏலம் விடுபவர், ஏலம் கேட்பவர், ஏலம் எடுத்தவர் என்று பேச்சு வழக்கில் இருப்பது எவ்வளவோ தெளிவு, அதையே எழுதலாம். கேட்பவர் சொல்லும் தொகைக்குக் கேள்வி என்று பழைய வழக்கு, இப்போது கேட்பு என்கிறார்கள். எனக்குக் கேள்விதான் பிடிக்கும், சட்டத்துக்கும் அதுவே பொருந்துகிறது. இங்கிலாந்தில் 1789இல் வந்த பெய்ன் எதிர் கேவ் வழக்கிலிருந்து ஏலக் கேள்வி வெறும் முன்மொழிவுதான், சுத்தியல் விழும்வரை திரும்பப் பெறலாம் என்பது அடிப்படை விதி. விழுந்த பிறகு கதையே வேறு. அங்கே அந்த நொடியில் ஒப்பந்தம் முடிந்துவிடும். இந்திய வங்கி ஏலத்தில் அன்றைக்கோ அடுத்த வேலை நாளுக்குள்ளோ 25 சதவீதம் கட்ட வேண்டும், மீதி 15 நாளில், எழுத்துமூலம் ஒத்துக்கொண்டால் அதிகபட்சம் 3 மாதம் வரை நீட்டலாம். தவறினால் கட்டிய பணம் போய்விடும். அதனால்தான் வக்கீலைப் பார்க்க வேண்டியது கேள்வி கேட்பதற்கு முன்னால். ஏலத்தை எடுத்துவிட்டு, பத்திரத்தைக் கொஞ்சம் பாருங்கள் சார் என்று போனால் அவர் என்னதான் செய்வார்?

‘உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில்’ என்ற வரியை அலங்காரம் மாதிரி வாசித்துத் தள்ளுகிறவர்கள் அதிகம். கூரை ஒழுகினாலும் வரி பாக்கி இருந்தாலும் உள்ளே வாடகைக்கு ஆள் இருந்தாலும் பெரும்பாலும் அது வாங்குகிறவர் தலையில் என்று அதற்குப் பொருள். அதேபோல அறிவிப்பில் வில்லங்கம் என்ற கட்டத்தைப் பார்த்தால் ‘எங்களுக்குத் தெரிந்தவரை ஏதுமில்லை’ என்று இருக்கும். ‘ஏதுமில்லை’ வேறு, ‘தெரிந்தவரை’ ஏதுமில்லை வேறு. விதி வங்கியிடம் கேட்பது அதற்குத் தெரிந்த வில்லங்கத்தை மட்டும்தான், தெரியாததைத் தோண்டியெடுப்பது உங்கள் வக்கீல் வேலை. கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். சுவாதீனம், அதாவது சொத்து வங்கியின் கையில் இருக்கிறது, என்று போட்டிருந்தால் எந்தச் சுவாதீனம் என்று கேளுங்கள். அடையாளச் சுவாதீனம் என்றால் சுவரில் அறிவிப்பு ஒட்டியாயிற்று, ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

விற்பவர் பக்கம் ஒதுக்கு விலை என்பதுதான் தகராறு பிடித்த சொல். இதற்குக் கீழே தரமாட்டேன் என்ற எல்லை அது, ஏலம் தொடங்கும் விலை அல்ல. இரண்டும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அதனால் ‘ஆரம்ப விலை’ என்று மொழிபெயர்ப்பது தப்பு. தன் ஆளை உட்காரவைத்து விலையை ஏற்றும் வேலை பழையது. இங்கிலாந்தில் அதற்காகவே 1867இல் நில ஏலச் சட்டம் போட்டார்கள்: ஒதுக்கு விலை உண்டா, விற்பவர் தானும் கேட்பாரா என்று நிபந்தனையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, கிரயம் எப்போது என்று கேட்பவர்களுக்கு: வங்கி ஏலத்திலும் நீதிமன்ற ஏலத்திலும் பழைய உரிமையாளர் கையெழுத்துப் போடும் கிரயப் பத்திரம் கிடையாது, விற்பனைச் சான்றிதழ்தான். அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அசையாச் சொத்துப் பதிவுகளுக்கான முதலாம் புத்தகத்தில் கோக்கப்பட வேண்டும். போனதா என்று விசாரியுங்கள். போகவில்லை என்றால், பிற்பாடு வில்லங்கச் சான்று எடுக்கிறவர் அதில் உங்கள் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்.